மணிக்கூண்டின் காலடியில் ஒரு பாதாள நிலையம்



வீட்டுச் சுவரை ஒட்டிக் கிணறு வெட்ட வேண்டும் என்று ஒரு கொத்தனாரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் சம்மதிக்கமாட்டார். "அஸ்திவாரத்தின் பிடி போய்விடும், தள்ளி வெட்டுங்கள்" என்பார். இதற்காக அவர் தாளும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போடுவதில்லை. அனுபவமே அவருக்குச் சொல்லிவிடுகிறது.

சரி, அந்தக் கிணற்றின் ஆழம் 39 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பதின்மூன்று மாடிக் கட்டடம் ஒன்றை உள்ளே இறக்கி வைத்து மூடிவிடலாம். அதிலிருந்து 34 மீட்டர் தள்ளி, உலகம் முழுவதும் அறிந்த ஒரு கோபுரம் நின்றுகொண்டிருக்கிறது. அந்தக் கோபுரத்தில் ஒரு கடிகாரம். அது ஒரு நாளும் தடுமாறக்கூடாது. இதற்கும் மேலாக, கிணறு வெட்டும் இடத்தின் குறுக்கே நாள்தோறும் இரயில் வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்! நம் கொத்தனார் என்ன சொல்வார்?

இலண்டன் மாநகரில் 1990களில் இப்படி ஒரு வேலை நடந்தது. அங்கே கட்டப்பட்டதுதான் வெஸ்ட்மின்ஸ்டர் பாதாள இரயில் நிலையம். பக்கத்தில் நின்ற கோபுரம் 'பிக் பென்'. உண்மையில் பிக் பென் என்பது கோபுரத்தின் பெயரே அன்று. உள்ளே தொங்கும், 13 டன்னுக்கும் மேல் எடையுள்ள பெரிய மணியின் செல்லப் பெயர் அது. கோபுரத்திற்கு 2012 முதல் எலிசபெத் கோபுரம் என்று பெயர். ஆனாலும் நாம் எல்லோரையும் போலப் பிக் பென் என்றே சொல்லிவிட்டுப் போவோம்.

வெஸ்ட்மின்ஸ்டருக்குப் பாதாள இரயில் புதிதன்று. 1868ஆம் ஆண்டிலேயே அங்கே ஒரு நிலையம் திறந்துவிட்டார்கள். அந்தக் காலத்து முறை எளிமையானது. மேலிருந்து வாய்க்கால் போல் தோண்டி, தண்டவாளம் போட்டு, மேலே வளைவு கட்டி மூடிவிடுவார்கள். ஆகவே அந்தப் பழைய பாதை தரைக்குச் சற்றுக் கீழேதான் ஓடுகிறது. புதிதாகத் திட்டமிட்ட ஜூபிலி பாதையோ வெஸ்ட்மின்ஸ்டரைத் தாண்டியதும் தேம்ஸ் ஆற்றின் அடியில் புகுந்து அக்கரை போக வேண்டும். அதனால் அது மிக ஆழத்தில் செல்ல வேண்டியிருந்தது. மேலே ஓடும் பழைய பாதையிலிருந்து கீழே ஓடும் புதிய பாதைக்குப் பயணிகள் இறங்கிச் செல்ல நகரும் படிக்கட்டுகள் வேண்டும். அந்தப் படிக்கட்டுகளை வைப்பதற்குத்தான் அந்தப் பிரம்மாண்டமான குழி.

மண் ஏன் நகர்கிறது?

நாம் நிற்கும் தரை அசையாத பொருள் என்று நினைக்கிறோம். அது சரியன்று. ஆழத்தில் இருக்கும் ஒவ்வொரு பிடி மண்ணும் மேலிருக்கும் மண்ணின் எடையைத் தாங்குகிறது. பக்கத்திலிருக்கும் மண்ணும் அதை நெருக்குகிறது. கூட்டமான பேருந்தில் நிற்பவர்களைப் போல, ஒருவர்மீது ஒருவர் சாய்ந்துதான் எல்லோரும் நிற்கிறார்கள். நடுவில் ஒருவர் இறங்கிவிட்டால் என்ன ஆகும்? எல்லோரும் அந்தப் பக்கமாகச் சற்றுச் சாய்வார்கள் அல்லவா?

வெஸ்ட்மின்ஸ்டரில் இறங்கியவர் சாதாரண ஆள் அல்லர். ஈரமான மண் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 2 டன் எடையிருக்கும். 39 மீட்டர் ஆழத்திற்குத் தோண்டினால், குழியின் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பிலிருந்தும் 78 டன் எடை நீங்கிவிடுகிறது. பிக் பென் கோபுரத்தின் எடை 8,600 டன்னுக்கு மேல். அதன் அஸ்திவாரம் 15 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்ட கான்கிரீட் மேடை. வகுத்துப் பாருங்கள். ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 38 டன் வருகிறது. அதாவது, 96 மீட்டர் உயரக் கோபுரம் பூமியை அழுத்தும் அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு அழுத்தத்தைப் பக்கத்து நிலத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்!

குழியை மட்டும் சொன்னால் போதாது. இரயில் செல்லும் சுரங்கங்களும் இருக்கின்றன. இலண்டன் நகரத்தின் அடியில், மேலே சரளை மண்ணும் அதற்குக் கீழே கெட்டியான நீலச் சாம்பல் நிறக் களிமண்ணும் இருக்கின்றன. சுரங்கம் தோண்டுவதற்கு இந்தக் களிமண் மிகவும் நல்லது. வெண்ணெய்க்கட்டியில் கத்தி இறங்குவது போல் இறங்கும். தோண்டிய உடனே இடிந்து விழாது. ஆனால் தோண்டிய இடத்தை வளையங்களால் மூடுவதற்குள், சுற்றியுள்ள களிமண் கொஞ்சம் உள்ளே பிதுங்கிவிடும். எவ்வளவு கவனமாக வேலை செய்தாலும் சுரங்கத்தின் பருமனில் நூற்றுக்கு ஒரு பங்கு, சில சமயம் இரண்டு பங்கு, இப்படிப் பிதுங்குகிறது.

நூற்றுக்கு ஒன்றுதானே என்கிறீர்களா? 5 மீட்டர் விட்டமுள்ள சுரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் நீளத்திற்கு அதன் பருமன் சுமார் 20 கன மீட்டர். அதில் நூற்றில் ஒன்று என்பது 200 லிட்டர். பதின்மூன்று வாளி மண்! ஒவ்வொரு மீட்டருக்கும் பதின்மூன்று வாளி மண் காணாமற் போகிறது. அந்த இழப்பு அப்படியே மேலே வந்து, தரைமட்டத்தில் ஆழமில்லாத ஒரு பள்ளமாக விரிகிறது. 30 மீட்டர் அகலத்திற்கு விரிந்தால், தரை சராசரியாக ஆறேழு மில்லிமீட்டர் இறங்கும். வீதியில் நடப்பவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

கட்டடம் முழுவதும் ஒரே அளவாக இறங்கினால் அதற்கும் பெரிய ஆபத்து இல்லை. ஒரு பக்கம் அதிகமாகவும் மறு பக்கம் குறைவாகவும் இறங்குவதுதான் ஆபத்து. பிக் பென்னுக்கு வடக்கே இருந்தது குழி. ஆகவே கோபுரத்தின் வடக்கு ஓரம் அதிகமாக இறங்கும். அஸ்திவாரத்தின் அகலம் 15 மீட்டர் என்று பார்த்தோம். வடக்கு ஓரம் தெற்கு ஓரத்தைவிட ஒரே ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கினால், 96 மீட்டர் உயரத்தில் இருக்கும் உச்சி ஆறு மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். உயரமான கட்டடங்களுக்கு இது ஒரு சாபக்கேடு. காலில் நடக்கும் சிறு தவறு தலையில் பெரிதாகத் தெரிகிறது.

இதைச் செய்து பாருங்கள்

ஒரு பெரிய தட்டிலோ தொட்டியிலோ ஈர மணலை ஒரு சாண் உயரத்திற்கு நிரப்புங்கள். நிரப்பும்போதே, பாதி ஊதிய ஒரு பலூனை அதன் வாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி புதைத்துவிடுங்கள். பலூனின் வாயில் ஊசியில்லாத ஒரு சிரிஞ்சைச் செருகி நூலால் இறுகக் கட்டுங்கள். மணலை நன்றாகத் தட்டிச் சமப்படுத்துங்கள். இப்போது பலூனுக்கு நேர் மேலே அல்ல, சற்றுத் தள்ளி, நீண்ட மெல்லிய டப்பா ஒன்றை நிமிர்த்தி வையுங்கள். சிரிஞ்சின் தண்டை மெதுவாக இழுத்துப் பலூனிலிருந்து காற்றை எடுங்கள். மணல் இறங்குவதைவிட டப்பா சாய்வது உங்கள் கண்ணுக்கு முதலில் தெரியும். பிறகு தண்டைக் கொஞ்சங் கொஞ்சமாக உள்ளே தள்ளிப் பாருங்கள். டப்பாவை நிமிர்த்த முடிகிறதா? பழைய நிலைக்கு அப்படியே வராது. ஆனால் சாய்வு குறையும். இந்தக் கடைசிக் காரியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

சுவர் முதலில், குழி பிறகு

நாம் வழக்கமாகக் குழி தோண்டிவிட்டுப் பக்கச் சுவர் கட்டுவோம். கிணற்றுக்கு உறை இறக்குவதும் அப்படித்தான். வெஸ்ட்மின்ஸ்டரில் இதைத் திருப்பிப் போட்டார்கள். தரையிலிருந்து ஒரு மீட்டர் அகலமுள்ள நீண்ட பள்ளத்தைத் துண்டு துண்டாக வெட்டினார்கள். பள்ளத்தின் பக்கங்கள் சரியாமல் இருக்க, வெட்ட வெட்டப் பென்டோனைட் என்னும் வழவழப்பான சேற்றுக் குழம்பை நிரப்பிக்கொண்டே வந்தார்கள். அந்தக் குழம்பின் அழுத்தமே பக்கங்களைத் தாங்கிப் பிடிக்கும். ஆழ்குழாய்க் கிணறு தோண்டுபவர்களுக்கு இந்த உபாயம் நன்றாகத் தெரியும். பின்பு குழம்புக்குள்ளேயே கம்பிக் கூட்டை இறக்கி, ஒரு குழாய் வழியாக அடியிலிருந்து கான்கிரீட்டை ஊற்றினார்கள். கனமான கான்கிரீட் கீழே தங்க, இலேசான குழம்பு மேலே வந்து வெளியேறிவிடும். இப்படிக் குழியைச் சுற்றிலும் மண்ணுக்குள்ளேயே சுவர் எழும்பிவிட்டது.

அடுத்து மேலிருந்து கீழாக வேலை. ஒரு மட்டம் தோண்டுவது. சுவர்கள் உள்ளே வளையாதபடி குறுக்கே முட்டுக் கொடுப்பது. அதன்பிறகே அடுத்த மட்டம். இதிலும் அவர்களுக்குத் திருப்தி ஏற்படவில்லை. தோண்டத் தோண்டச் சுவரின் அடிப்பாகம்தான் முதலில் உள்ளே நகரும். அங்கே முட்டுக் கொடுக்கவோ குழி இன்னும் அந்த ஆழத்தை எட்டவில்லை! ஆகவே குழியின் அடிமட்டத்திற்கும் கீழே, இன்னும் தோண்டாத களிமண்ணுக்குள், சிறிய சுரங்கங்களைக் குடைந்து, அவற்றுக்குள்ளேயே முட்டுகளைப் பொருத்திவிட்டார்கள். தோண்டுபவர்கள் கீழே வந்து சேரும் முன்னரே முட்டு அங்கே காத்திருந்தது.

இரயில் சுரங்கங்களின் அமைப்பிலும் ஒரு மாறுதல் செய்தார்கள். பொதுவாகப் போகும் பாதையும் வரும் பாதையும் அக்கம்பக்கமாக இருக்கும். இங்கே அப்படி வைத்தால் ஒரு சுரங்கம் கோபுரத்தை மிகவும் நெருங்கிவிடும். ஆகவே ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். மேல் சுரங்கம் தரைக்குச் சுமார் 20 மீட்டர் கீழே. கீழ்ச் சுரங்கம் சுமார் 30 மீட்டர் கீழே.

பழைய இரயில் பாதையின் சங்கதி தனி. நிலையத்திற்கு மேலே ஒரு புதிய கட்டடம் எழும்ப வேண்டியிருந்ததால், 1868ஆம் ஆண்டுப் பாதையை 300 மில்லிமீட்டர் தாழ்த்த வேண்டியதாயிற்று. பகலெல்லாம் வண்டிகள் ஓடும். இரவில் வண்டிகள் நின்ற பிறகு சிறிதளவு இறக்குவார்கள். விடிந்ததும் மறுபடி வண்டிகள் ஓடும். இப்படியே பல இரவுகள். பயணிகளில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்?

கோபுரத்தின் அடியில் ஊசி

இவ்வளவு செய்தும் மண் நகரும் என்பது பொறியியல் வல்லுநர்களுக்குத் தெரியும். எவ்வளவு நகரும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்ல வேண்டியவர்களில் முக்கியமானவர் ஜான் பர்லண்ட் என்னும் மண்ணியல் பொறியியல் பேராசிரியர். அவருக்கு அந்த இடம் புதிதல்ல. 1970களின் தொடக்கத்தில், பாராளுமன்றத்தின் முற்றத்தில், இதே கோபுரத்துக்குப் பக்கத்தில், பூமிக்கடியில் ஐந்து அடுக்குக் கார் நிறுத்துமிடம் ஒன்றைக் கட்டினார்கள். அப்போதும் கோபுரம் எவ்வளவு அசையும் என்று கணித்தவர்களில் அவர் ஒருவர். அந்த அனுபவம் இப்போது கைகொடுத்தது.

இந்த முறை கணக்கு கவலை தருவதாக இருந்தது. எதுவும் செய்யாமல் விட்டால் கோபுரம் 55 மீட்டர் உயரத்தில், அதாவது கடிகார முகப்பின் உயரத்தில், 120 மில்லிமீட்டர் வரை சாயக்கூடும். கோபுரம் விழுந்துவிடாது. ஆனால் கோபுரமும் பாராளுமன்றக் கட்டடமும் ஒட்டியிருக்கும் இடத்தில் கல் பிளந்துவிடலாம்.

கவலைப்படுவதற்குக் கண்ணெதிரே காரணமும் இருந்தது. 1994 அக்டோபரில் ஹீத்ரோ விமான நிலையத்தின் அடியில், இதே இலண்டன் களிமண்ணில் தோண்டிக்கொண்டிருந்த சுரங்கம் இடிந்து, மேலே இருந்த கட்டடம் மண்ணுக்குள் இறங்கியது. நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லை. ஜூபிலி பாதையில் வேறு சில நிலையங்களில் அதே முறையில் நடந்துகொண்டிருந்த வேலையையும் அதன்பின் சில காலம் நிறுத்தி வைத்து ஆராய்ந்தார்கள். நம் நாட்டுக் கொல்கத்தாவிலும் 2019 ஆகஸ்டு இறுதியில், பாதாள இரயில் சுரங்கத்திற்குள் நிலத்தடி நீர் புகுந்து, மேலே பௌ பஜார் பகுதியில் வீடுகள் விரிசல் கண்டு இடிந்தன.

வெஸ்ட்மின்ஸ்டரில் கையாண்ட உபாயம் நம் பலூன் சோதனையின் கடைசிக் கட்டம்தான். காணாமற் போன மண்ணுக்கு ஈடாக வேறொன்றைச் செலுத்திவிட வேண்டும். சாலையோரத்தில் ஒரு குழி இறக்கினார்கள். அதிலிருந்து கைவிரல்களைப் போல விரிந்து செல்லும்படி, கிட்டத்தட்ட 50 மீட்டர் நீளமுள்ள எஃகுக் குழாய்களைக் களிமண்ணுக்குள் படுக்கை வசமாகச் செலுத்தினார்கள். அவை கோபுரத்தின் அஸ்திவாரத்திற்குக் கீழே போய் நின்றன.

இந்தக் குழாய்களில் இடைவெளி விட்டுத் துளைகள் உண்டு. ஒவ்வொரு துளையின் மேலும் ஒரு ரப்பர் உறை. சைக்கிள் டியூபுக்குக் காற்றடிக்கும் இடத்தில் வால்டியூப் இருக்கிறதே, அதே தத்துவம். உள்ளேயிருந்து அழுத்தினால் ரப்பர் விரிந்து வழிவிடும். அழுத்தம் நின்றதும் மூடிக்கொள்ளும். வெளியே போனது திரும்பி வராது. எந்தத் துளை வேண்டுமோ அதன் வழியே மட்டும் சிமெண்ட் கலந்த கூழை அழுத்தத்துடன் செலுத்துவார்கள். கூழ் களிமண்ணைப் பிளந்துகொண்டு மெல்லிய தகடாகப் பரவி, மேலேயுள்ள மண்ணையும் அஸ்திவாரத்தையும் மயிரிழை அளவு தூக்கும். கோபுரத்தின் வடக்குப் பக்கம் இறங்கினால் வடக்குப் பக்கத்தின் அடியில் ஊசி!

ஒரே தடவையில் செலுத்திவிட்டுப் போய்விடவில்லை. 1996 ஜனவரி முதல் 1997 செப்டம்பர் வரை, இருபது தடவைக்கு மேல், கொஞ்சங் கொஞ்சமாகச் செலுத்தினார்கள். தோண்டுவார்கள், அளப்பார்கள், சாய்வு கூடினால் கூழைச் செலுத்துவார்கள், மறுபடி அளப்பார்கள். ஆகவே உண்மையில் வேலையை நடத்தியது அளவுகோல்தான். கோபுரத்தின் உள்ளே, கீழ்த்தளத்தில் ஒரு குறி. அதற்கு நேர் மேலே 55 மீட்டர் உயரத்தில் ஒரு குறி. மேலே உள்ளது கீழே உள்ளதை விட்டு எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்ப்பது. கொத்தனாரின் தூக்குக்குண்டு செய்யும் வேலையே இதுவும், கருவிதான் நுட்பமானது. கோபுரம் ஒருபோதும் அசையாமல் நிற்பதில்லை என்பதையும் மறந்துவிடக்கூடாது. வெயில் படும் பக்கத்துக் கல் சற்றே விரியும். கோபுரம் எதிர்ப்பக்கமாகச் சிறிது வளையும். இரவில் திரும்பி வரும். எது வெயிலால் வந்தது, எது சுரங்கத்தால் வந்தது என்று பிரித்தறிய, வேலை தொடங்குவதற்கு வெகு முன்பிருந்தே அளந்து வைத்திருக்க வேண்டும்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது விரிசல்களின் பகுதி. கோபுரம் பாராளுமன்றக் கட்டடத்தோடு சேரும் இடத்தில் ஏற்கனவே பழைய விரிசல்கள் இருந்தன. குளிர்காலத்தில் விரிந்து, கோடையில் மூடிக்கொண்டிருந்தவை. சிமெண்ட் வைத்துப் பூசி அடைத்துவிட வேண்டும் என்றுதானே யாருக்கும் தோன்றும்? பர்லண்ட் கூடாது என்றார். கோபுரம் சாயும்போது அசைவு முழுவதும் அந்தப் பழைய விரிசலிலேயே தங்கிவிடும். அது ஒரு கதவுக் கீலைப் போல வேலை செய்யும். அதை அடைத்துவிட்டால், அசைவு வேறு நல்ல இடம் தேடிப் போய்ப் புதிதாகப் பிளக்கும்! அப்படியே விட்டார்கள். அது நல்லதாகவே முடிந்தது.

முடிவில் 55 மீட்டர் உயரத்தில் கோபுரத்தின் சாய்வு 35 மில்லிமீட்டருக்குள் அடங்கியது. 120 எங்கே, 35 எங்கே! அஸ்திவாரத்தில் இது எவ்வளவு வித்தியாசம் என்று நீங்களே கணக்குப் போடலாம். ஒரு சென்டிமீட்டர்கூட வராது. 1999 டிசம்பரில் புதிய நடைமேடைகள் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டன.

ஆனால் களிமண் தன் வேலையை அன்றோடு நிறுத்திவிடவில்லை. களிமண்ணின் நுண்ணிய துளைகளுக்குள் தண்ணீர் அடைபட்டிருக்கிறது. அழுத்தம் மாறினால் அந்தத் தண்ணீர் இடம் பெயர வேண்டும். மணலாயிருந்தால் நிமிடத்தில் பெயர்ந்துவிடும். களிமண்ணிலோ துளைகள் மிகச் சிறியவை. தண்ணீர் நகர ஆண்டுகள் ஆகும். ஆகவே கூழ் செலுத்துவதை 1997இல் நிறுத்திய பிறகும் கோபுரம் மிக மெதுவாகச் சிறிது சாய்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அளந்தார்கள்.

பிக் பென் வடமேற்காகச் சிறிது சாய்ந்திருப்பது உண்மை. 2009இல் எடுத்த அளவின்படி அது 0.26 பாகை, உச்சியில் ஏறத்தாழ 43 சென்டிமீட்டர். இதில் சுரங்கத்தின் பங்கு சிறிதே. இத்தாலியில் பைசா கோபுரம் நிற்கும் சாய்வோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமேயில்லை. அந்தப் பைசா கோபுரத்தைக் காப்பாற்றிய குழுவிலும் பர்லண்ட் இருந்தார் என்பது ஒரு வேடிக்கையான பொருத்தம். அங்கே இதற்கு நேர்மாறான வைத்தியம்: உயர்ந்து நின்ற பக்கத்தின் அடியிலிருந்து மண்ணைச் சிறிது சிறிதாக உருவி எடுத்தார்கள். இலண்டனில் மண்ணுக்குள் செலுத்தினார்கள்; பைசாவில் மண்ணை எடுத்தார்கள்.

வெஸ்ட்மின்ஸ்டர் நிலையத்தின் படம் எங்கேனும் உங்கள் கண்ணில் பட்டால் நன்றாகப் பாருங்கள். மேலும் கீழுமாக ஓடும் நகரும் படிக்கட்டுகளுக்கு நடுவே, ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர்வரை பெரிய எஃகுக் குழாய்கள் குறுக்கே செல்வது தெரியும். அழகுக்காக வைத்தவை என்று பலர் நினைக்கிறார்கள். அவைதாம் முட்டுகள். இரண்டு பக்கத்து மண்ணும் இந்த நிமிடமும் அவற்றை நெருக்கிக்கொண்டிருக்கிறது.